வேர்க்கும் பானை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலில் சர்க்கரை, அப்புறம் முழங்கால், அதற்கப்புறம் மாடித் தோட்டம் என்று பேச்சு ஒரே தடத்தில்தான் போகிறது. இங்கே சிதம்பரத்தில் காலை நடை முடிந்து கோயில் மதிலோரம் உட்கார்ந்திருந்தபோது போன வாரமும் அப்படித்தான். பிளாஸ்டிக் பை நல்லதா, மண் தொட்டி நல்லதா என்று ஆரம்பித்தது. "மண் தொட்டி பாதித் தண்ணியத் தானே குடிச்சிடுது, செடிக்கு எங்க போவுது?" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மண்பானை தண்ணீரை என்ன செய்யும் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் வெயில் ஏறிவிடும். அதனால் எழுதிவிடுகிறேன். பொழுதிருக்கும்போது படியுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். கடலூர் முதுநகரில் எங்கள் வீடு. உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்றடித்தால் கருவாடும் சேறும் கலந்து ஒரு வாசனை வரும். விருந்தாளிகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று வருவதே தெரியாது. அப்பா மஞ்சக்குப்பத்தில் கோர்ட் கிளார்க். அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தால் அப்பா தட்டில் இருக்கும் மீன் தலை சித்தப்பா தட்டுக்குப் போய்விடும்.

அந்த வருஷம் தை மாதத்தில் எல்லாம் முறிந்தது. சித்தப்பாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு வீட்டில் பெண் பேசி, அப்பா வாக்கும் கொடுத்திருந்தார். அங்கே கை நனைத்துவிட்டும் வந்திருந்தோம். பாயசத்தில் முந்திரி நிறைய இருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டே மாதத்தில் சித்தப்பா மாலையும் கழுத்துமாக வேறொரு பெண்ணோடு வந்து வாசலில் நின்றார். கம்மாபுரம் பக்கத்துப் பெண். வேலை விஷயமாக அந்தப் பக்கம் போய்வந்ததில் பழக்கமாம். பெண்ணிடம் குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவைக் கேட்கவில்லை, அதுதான் குறை.

"நான் குடுத்த வாக்கு என்னா ஆவறது? சிதம்பரத்துல எம் மூஞ்சிய எங்க கொண்டு போயி வச்சிக்கிறது?" என்றார் அப்பா.

"தப்புதாண்ணா," என்றார் சித்தப்பா. "ஆனா எனக்குப் புடிச்சிட்டுது."

அதற்கு மேல் அவர்கள் பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று அம்மா பின்னால் சொல்வாள். அப்பா கோர்ட்டில் எத்தனையோ பாகப்பிரிவினை வழக்குகளைப் பார்த்தவர். ஒரு வார்த்தை பேசாமல் வீட்டை இரண்டாக்கத் தெரிந்தது அவருக்கு. நடுக்கூடத்தில் தட்டி வந்தது. பின்கட்டில் ஒரு கொத்தனார் வந்து செங்கல்லையும் சேற்றையும் வைத்துச் சுவர் எழுப்பினார். கிணறு நடுவில் இருந்ததால் அதன் மேல் ஒரு கருங்கல்லைப் போட்டு, சுவர் அதன் மேலேயும் போனது. இந்தப் பக்கம் எங்கள் கயிறு, அந்தப் பக்கம் அவர்கள் கயிறு. சில நேரம் இரண்டு வாளியும் கீழே முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும். அம்மா சட்டென்று கயிற்றை இழுத்துக்கொள்வாள்.

அம்மா ஆசையாக வளர்த்த குண்டுமல்லி எங்கள் பக்கம் வந்தது. சுவருக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. "செடிய வெட்டாம கட்டு," என்று அம்மா கொத்தனாரிடம் சொன்ன ஒன்றுதான் அந்த விஷயத்தில் அவள் சொன்ன அபிப்பிராயம்.

சித்தி பேசாமல் இருக்கக்கூடியவள் இல்லை. உயரமாக, கறுப்பாக, பெரிய பல் வரிசையோடு இருப்பாள். சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். இந்த மௌனமான வீட்டில் அவள் எப்படி மூச்சு விட்டாள் என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு. ஆனால் துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றால் சுவருக்கு மேலே என் கண் தெரியும். பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

பங்குனியில் ஒருநாள் அவள் தன் அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். இரண்டு கோணி மூட்டை. உள்ளே வைக்கோல் சுற்றிய மண்பானைகள். புதுப்பெண் பிறந்த வீட்டிலிருந்து பலகாரம் கொண்டு வருவாள் என்று எட்டிப்பார்த்த தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் எல்லாப் பானைகளையும் வெயிலில் வரிசையாக வைத்துத் தண்ணீரை ஊற்றினாள். பிறகு ஒவ்வொன்றின் வயிற்றையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"என்னா சித்தி பாக்குற?" என்று துவைக்கிற கல்லில் நின்றபடி கேட்டேன்.

"வேர்க்குதான்னு பாக்குறன்டி. தோ, இது வேர்க்குது பாரு. இத மண்ணுல வைக்கலாம். இது ஜாஸ்தி வெந்துட்டுது, வேர்க்கல. இதுல கொழம்பு வைக்கலாம்."

நான் உற்றுப் பார்த்தேன். காய்ந்து வெளிறியிருந்த பானையின் அடிவயிறு மெல்ல மெல்லச் சிவந்தது. பிறகு அதன் மேல் பொடிப் பொடியாக நீர் முத்துக்கள். ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. கல்லைப் போல இருக்கிற ஒன்றின் உள்ளேயிருந்து தண்ணீர் தானாக வெளியே நடந்து வந்தது. மேல்சட்டை போடாமல் வெயிலில் நிற்கிற மனுஷனின் முதுகு மாதிரி இருந்தது. இன்றைக்கும் தண்ணீர்ப்பானை வேர்த்திருப்பதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

அவள் அவற்றைக் கழுத்து வரை மண்ணில் புதைத்தாள். வாய் மட்டும் வெளியே. எலி விழாமல், கொசு முட்டையிடாமல் இருக்க மேலே ஒரு மூடி. மூடிக்கு அவள் எடுத்தது என்ன தெரியுமா? கல்யாணச் சீரில் வந்த எனாமல் தட்டுகள். நீல விளிம்பு போட்டு நடுவில் ரோஜாப்பூ வரைந்தவை. சாப்பிட ஒன்றை வைத்துக்கொண்டு மீதியையெல்லாம் மண்ணில் கவிழ்த்துவிட்டாள். அந்தத் தட்டுகள் பின்னால் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு நீலத்தை அப்புறம் நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

பானைகளைச் சுற்றிக் கத்தரியும் வெண்டையும் பாகலும் நட்டாள். வேலிப் பக்கம் இடம் கிடந்தும், பானைகளில் பாதியைச் சுவரை ஒட்டியே புதைத்தாள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தட்டைத் தூக்கி, தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுவாள். "சேறு போனா பானைக்கு மூச்சு அடைச்சிடும்டி," என்பாள்.

எதிர்வீட்டு அம்மாள் ஒருத்தி எங்கள் அம்மாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "சுவத்தோரமா பானையப் பொதைக்கிறாளாமே. நீங்க ஜாக்கிரதையா இருங்க. கெட்டது வைக்கிறவங்கதான் இப்படிப் பொதைப்பாங்க."

அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். "கோர்ட்டுல வேல பாக்கறவன் இதெல்லாம் நம்புவானா?" என்றார். மறுநாள் காலையில் அவர் சுவரோரம் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அம்மா சிரிக்கவும் இல்லை, தெளிக்கவும் இல்லை. ஆனால் அவளும் சித்தியைத் திமிர் பிடித்தவள் என்றுதான் நினைத்திருந்தாள். கிணற்றடியில் அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, இன்னைக்கி என்னா கொழம்பு?" என்று குரல் வரும். அம்மா பதில் சொல்ல மாட்டாள். சொல்லக் கூடாது என்பதால் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும்; சித்திக்கும் தெரிந்திருக்கும். அடுத்த நாளும் அதே கேள்வி வரும்.

சித்திரை பிறந்ததும் கிணறு கீழே போனது. வந்த கொஞ்சத் தண்ணீரும் கரித்தது. தெருக்குழாயில் குடம் வைக்கிற இடத்துக்குச் சண்டை. கத்திரி வெயிலில் தெருவில் எல்லார் வீட்டுச் செடியும் கருகியது. எதிர்வீட்டு முருங்கைகூட இலையை உதிர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் குடிக்கவே அளந்துதான் தண்ணீர். அம்மா அரிசி களைந்த தண்ணீரை மட்டும் மல்லிக்கு ஊற்றுவாள். அது ஒரு வாய் அளவுதான் வரும்.

ஆனால் குண்டுமல்லி பச்சையாக நின்றது. பச்சை என்றால் மழைக்காலத்துப் பச்சை. சாயங்காலத்தில் மொட்டு அவிழ ஆரம்பித்தால் கருவாட்டுக் காற்றையே தோற்கடித்து வாசனை கூடத்துக்குள் வந்துவிடும். சுற்றிலும் மண் வெடித்துக் கிடக்க, நடுவில் அது மட்டும் பூத்துக் குலுங்கியதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. யார் இதற்குச் சோறு போடுகிறார்கள் என்று தோன்றும்.

அப்பாவிடம் பதில் இருந்தது. அவர் போன வருஷம் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு போட்டிருந்தார். "எல்லாம் அந்தப் புண்ணாக்கு பண்ற வேல. அதோட மண்ணும் அப்பிடி. இந்தப் பக்கம்தான் நல்ல மண்ணு, நான் பாத்துத்தான் பிரிச்சேன்," என்று வந்தவரிடமெல்லாம் சொன்னார். கோர்ட்டுக்கே ஒருநாள் பொட்டலம் கட்டிப் பூ எடுத்துப்போனார்.

அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், தூரத்துக் குழாயிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகச் சித்தி தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். எனாமல் தட்டு கிணுகிணுக்கும். தண்ணீர் இறங்கும்போது பானை முதலில் கனத்த குரலில் பேசி, நிறைய நிறையக் குரல் மெலிந்து, கடைசியில் ஒரு சின்ன விக்கலோடு நிற்கும். துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பதுதான் அந்தக் கோடையில் எனக்கு விளையாட்டு.

ஆவணியில் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். கடல் பக்கத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் காணாத மழை. முதல் துளிகள் விழுந்ததும் மண்ணிலிருந்து ஆவி எழுந்தது. பிறகு வானம் உடைந்த மாதிரி கொட்டியது. அப்பா அன்று சீக்கிரம் வந்திருந்தார். நாங்கள் பின்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கூரைத் தண்ணீரெல்லாம் சுவரடிக்குப் போய்ச் சுழித்துக்கொண்டு நின்றது.

அந்தப் பக்கத்தில் எனாமல் தட்டுகள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுத்தன. பானைகளில் மழைத்தண்ணீர் பிடிக்கச் சித்தி மூடிகளை எடுக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது.

அப்போதுதான் சுவர் அசைந்தது. நடுவில் லேசாக வயிறு தள்ளியது போலிருந்தது. அடுத்த கணம் ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம். ஒரு பாகம் அப்படியே அந்தப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

"ஐயோ, அவ அங்கதாங்க இருக்கறா!" என்று அம்மா கத்தினாள்.

அப்பா ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்கவில்லை. செங்கல் குவியலின் மேல் ஏறி, சறுக்கி, முழங்காலில் விழுந்து, எழுந்து, அந்தப் பக்கம் போய்விட்டார். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருநாளும் கூப்பிட்டதில்லையே. "ஏம்மா! ஏம்மா! எங்கம்மா இருக்க?" என்று மழையில் கத்தினார். கையால் செங்கற்களை வாரி எறிந்தார். அப்பாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

கொல்லைக் கோடியில் நின்ற வாழை மறைவிலிருந்து சித்தி வந்தாள். மார்போடு தட்டுகளை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் இங்க இருக்கறன் மாமா. எனக்கு ஒண்ணும் ஆவல."

அப்பா செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா குவியலைத் தாண்டிப் போய்ச் சித்தியின் தோளை, கையை, தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். "கல்லு படலியே? எங்கயும் படலியே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அத்தனை மாதத்தில் அம்மா அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். உத்தரவை மறந்து நானும் அந்தப் பக்கம் போயிருந்தேன்.

மழை வந்த வேகத்திலேயே நின்றது. சாயங்கால வெளிச்சம் மஞ்சளாக வந்தது. அப்போது அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"இங்க பாருங்களேன்," என்றாள்.

சுவரின் அடியை மழைத்தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. அங்கே மண்ணோடு மண்ணாக இருந்த பானை ஒன்று பக்கவாட்டில் முழுசாகத் தெரிந்தது. செங்கல் விழுந்து அது உடைந்திருந்தது. ஒரு விரிசலோடு போகவில்லை. பத்துப் பதினைந்து துண்டாவது இருக்கும். ஆனால் ஒரு துண்டும் இடம் பெயரவில்லை. பானை பானையாகவே நின்றது. அதைச் சுற்றி, அடியிலிருந்து கழுத்து வரை, வேர்கள். தலைமுடி போல மெல்லிய வெள்ளை வேர்கள், ஒன்றன் மேல் ஒன்றாக, இடுக்குக்கூட இல்லாமல் பின்னிப் படர்ந்து, அந்த உடைந்த பானையைக் கை கோத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. உள்ளே இன்னும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. வேர்களின் நுனியிலெல்லாம் ஈரம் மினுங்கியது.

கோயிலில் திரை விலகினால் ஒரு கணம் எல்லாரும் அமைதியாகிவிடுவார்களே, அப்படி நின்றோம். என் கை தானாகக் கும்பிட்டுக்கொண்டது. எதைக் கும்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அப்பா குனிந்து ஒரு வேரை விரலால் தொட்டு, அது வந்த வழியைப் பின்தொடர்ந்து போனார். கத்தரியிலிருந்து கொஞ்சம் வந்திருந்தது. மிச்சமெல்லாம் சுவர் நின்ற இடத்துக்கு அடியில் நுழைந்து, எங்கள் பக்கம் போயிற்று. குண்டுமல்லியின் தூரில் போய் முடிந்தது.

அப்பா அங்கேயே குந்திக்கொண்டார். பிறகு நிமிராமல் கேட்டார்.

"இத ஏன் சுவத்த இவ்ளோ ஒட்டி வச்ச?"

"அங்க அக்கா செடி இருக்குதுல்ல மாமா. ரெண்டு பக்கமும் குடிக்கட்டும்னுதான்."

"உங்கிட்ட யாரும் கேக்கலியே."

"செடிக்குத் தண்ணி ஊத்த யாரு மாமா கேக்கணும்?"

அப்பா எழுந்தார். செங்கற்களைத் தாண்டி வந்து உள்ளே போனார். வேப்பம் புண்ணாக்கைப் பற்றி அதன் பிறகு அவர் யாரிடமும் பேசி நான் கேட்கவில்லை. அம்மா மட்டும் அங்கேயே நின்றாள். சித்தியும் அவளுமாகச் சேர்ந்து அந்தப் பானையைச் சுற்றி ஈர மண்ணை அணைத்து மூடினார்கள். "இன்னைக்கி மீன் கொழம்பு," என்று அம்மா சொன்னாள். சித்தி சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுவாரம் கொத்தனார் வந்தார். விழுந்த செங்கல்லை அடுக்கிவிட்டு, நூல் பிடித்தார்.

"அங்க வேணாம்," என்றார் அப்பா. "வேர் ஓடுது."

"அப்ப கதவு ஒண்ணு வச்சிடலாமா சார்?"

"கதவு எதுக்கு? சும்மா வுடு."

அந்த இடைவெளி வழியாக அம்மாவும் நானும் போனோம், சித்தி வந்தாள், கிண்ணங்கள் போயின வந்தன. அண்ணன் தம்பி மட்டும் போகவில்லை. சித்தப்பா வேலையிலிருந்து வந்தால் அந்தப் பக்கம் திரும்பாமலே கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போவார். அவருக்கும் ரோஷம் இருந்தது.

புரட்டாசியில் அப்பா யாரிடமும் சொல்லாமல் சிதம்பரம் போய் வந்தார். வாக்குக் கொடுத்திருந்த அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார், மன்னிப்புக் கேட்க. அந்தப் பெண்ணுக்கு வைகாசியிலேயே நல்ல இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டதாம். "அத இன்னுமா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க? காப்பி சாப்டுங்க," என்றாராம் பெண்ணின் அப்பா. இதை அம்மாவிடம் சொல்லும்போது அப்பாவின் முகம் நோயிலிருந்து எழுந்தவர் முகம் போல இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்து ஒரு புதுப்பானையும் கொண்டுவந்திருந்தார். என்னிடம் கொடுத்துச் சித்தியிடம் அனுப்பினார். சித்தி தண்ணீர் ஊற்றித் தடவிப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் எட்டிச் சொன்னாள்: "மாமா, இது வேர்க்காது. ரசம் வைக்கலாம்."

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் பானைகளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊறி இளகிப்போகும் என்றாள் சித்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தப்பா மண்வெட்டியோடு தோண்டிக்கொண்டிருந்தார். வேர் அறாமல் எடுக்கத் தெரியாமல் தடுமாறினார். திடீரென்று அப்பா இடைவெளி வழியாக உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. மறுபக்கத்தில் குந்தி, கையாலேயே மண்ணை விலக்கினார். சித்தப்பா மண்வெட்டியை ஓரமாக வைத்தார். அவரும் குந்தினார். உடைந்த பானையை மட்டும் இருவரும் தொடாமல் விட்டுவிட்டார்கள்.

பிறகு பானைகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தேய்க்க வேண்டியிருந்தது. கோடை முழுக்கத் தண்ணீர் கசிந்ததில் பானையின் வெளிப்புறமெல்லாம் உப்பு, சுண்ணாம்பு பூசினது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைத் தேய்த்து எடுக்காவிட்டால் அடுத்த வருஷம் பானை வேர்க்காது. அப்பா தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு கிணற்றின் ஒரு பக்கம் உட்கார்ந்தார். சித்தப்பா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அம்மா என் தோளைப் பிடித்து, சத்தம் போடாதே என்பது போல அழுத்தினாள். சித்தி தண்ணீர் மொண்டு ஊற்றிவிட்டு, வாயைத் திறக்காமல் நின்றாள். நார் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பானை முடிந்தது. அடுத்தது முடிந்தது.

அப்பா தன் கையிலிருந்த பானையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒரு இடத்தை விரலால் சுரண்டினார். பிறகு, தம்பியின் முகத்தைப் பார்க்காமல், பானையை அவர் பக்கம் நீட்டினார்.

"இங்க இன்னும் உப்பு இருக்குது, பாரு."

சித்தப்பா நாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுண்ணா," என்றார். "நான் தேய்க்கறன்."